மந்தைவெளியில் நான் பஸ் டிரைவராக நடித்த கதை

1

சென்னையில் நான் கனடா போக்குவரத்துத் துறையின் உயர் அதிகாரி. இந்தப் பதவி எனக்கு எப்போது கிடைத்தது என்று எனக்கே சரியாகத் தெரியாது. நியமன உத்தரவு எதுவும் வரவில்லை. மந்தைவெளியில் இருக்கும் என் அக்கா, வீட்டுக்கு வந்தவர்களிடம் வாய்மொழியாகவே போட்டுவிட்டாள். முதல் தடவை விடுமுறைக்கு வந்தபோது வெறும் ஆபீசராக இருந்தேன். அடுத்த தடவை மேனேஜர். கனடாவில் யாரும் இவ்வளவு சீக்கிரம் மேலே போய் நான் பார்த்ததில்லை.

உண்மையில் நான் எட்மன்டனில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். போகும்போது மெக்கானிக்கல் இன்ஜினீயராகத்தான் போனேன். கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை, கழுத்தில் அடையாள அட்டை, எல்லாம் இருந்தது. அங்கே இறங்கியதும் 'கனடிய அனுபவம் உண்டா?' என்று கேட்டார்கள். நேற்றுதான் விமானத்தைவிட்டு இறங்கியவனிடம் இதைக் கேட்கலாமா என்று நான் யோசித்தேன். கேட்டவர்களுக்கு அப்படி எந்த யோசனையும் இல்லை. என் பட்டத்தைச் சரிபார்க்க ஓர் அலுவலகம், அந்த அலுவலகம் சரியாகப் பார்த்ததா என்று பார்க்க இன்னோர் அலுவலகம். இருவரும் பார்த்து முடிப்பதற்குள் குளிர்காலம் வந்துவிட்டது. பஸ் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு நண்பன் சொன்னான். போனேன். பயிற்சியின் முதல் வாரத்திலேயே எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. இதைச் சென்னையில் சொன்னால் 'பாவம், மனசைத் தேத்திக்கறான்' என்பார்கள். அதனால் சொல்வதில்லை.

வேலை கிடைத்த அன்று அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ட்ரான்சிட்ல வேலை கிடைச்சிருக்குக்கா."

"என்ன வேலைடா?"

"பஸ் ஓட்டுறது."

 இணைப்பு போய்விட்டது என்று நினைத்து இரண்டு தடவை ஹலோ சொன்னேன்.

"ஓட்டுறதுன்னு எதுக்குடா சொல்லிக்கிட்டு? ட்ரான்ஸ்போர்ட் டிபார்ட்மென்ட்னு சொல்லு. அதுலயே எல்லாம் அடங்கிடுதுல்ல" என்றாள்.

அடங்கிவிட்டது. இத்தனை வருடமாக அதிலேயேதான் அடங்கியிருக்கிறது.

2

என் மகன் அகிலுக்கு ஏழு வயது. தமிழ் பேசுவான். யாரையும் மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும் என்று நானும் மனைவியும் சொல்லிச் சொல்லி வளர்த்ததில், காக்காவைக்கூட 'வந்திருக்காங்க' என்கிறான். மந்தைவெளித் தெருநாய்களுக்கு இவ்வளவு மரியாதை இதற்கு முன்னால் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். மனிதர்கள் விஷயத்தில்தான் சிக்கல். எட்மன்டனில் ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது வழக்கம். போன மாதம் சென்னை வந்தவுடன் அக்காவின் பள்ளியில் அவனை உட்கார வைத்தோம். முதல் நாளே வகுப்பாசிரியையைப் பார்த்து, "கற்பகம், நான் எங்க உட்காரணும்?" என்று கேட்டிருக்கிறான். வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டதாகக் கேள்வி.

அக்கா அந்தப் பள்ளியின் தலைமை ஆசிரியை. மந்தைவெளிச் சந்து ஒன்றில், பக்கத்துக் கல்யாண மண்டபத்தைவிடச் சின்னதாக இருக்கும் பள்ளி. எனக்கு மூன்று வார விடுமுறை. மனைவிக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மூன்று வாரமும் பையன் வீட்டில் டேப்லெட்டோடு உட்கார்ந்திருப்பதற்கு, இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து நாலு தமிழ் வார்த்தை கற்றுக்கொள்ளட்டுமே என்று அக்கா சேர்த்துக்கொண்டாள். அவன் கனடா பாஸ்போர்ட்காரன், பதிவேட்டில் எப்படிப் போடுவது என்று அலுவலகத்தில் கேட்டார்களாம். 'பதிவேட்டில் போடாமல்' என்பது அக்காவின் பதில். எட்மன்டன் அலுவலகங்களுக்கு அக்காவை அனுப்பியிருந்தால் நான் இன்று இன்ஜினீயர்.

முதல் நாள் காலை, இட்லி சாப்பிடும்போதே அவனுக்கு அக்கா பாடம் எடுத்துவிட்டாள்.

"அப்பா என்ன வேலை பார்க்கறார்னு யாராவது கேட்டா ட்ரான்ஸ்போர்ட்னு மட்டும் சொல்லணும். சரியா?"

"ஏன் அத்தை? பஸ் டிரைவர்னு சொன்னா என்ன?"

"அது நீளமா இருக்குல்ல? இது ஒரே வார்த்தை. ஈஸி."

அவன் என்னைப் பார்த்தான். நான் சட்னியைப் பார்த்தேன்.

அவனுக்கு இதெல்லாம் புரியாததற்குக் காரணம் இருக்கிறது. சென்ற வருடம் அவன் எட்மன்டன் வகுப்பில் 'நமக்கு உதவுபவர்கள்' என்று ஒரு வாரம் நடத்தினார்கள். உங்கள் அப்பா வர முடியுமா என்று ஆசிரியை கேட்டாள். மேலதிகாரியிடம் அனுமதி வாங்கி, பஸ்ஸையே பள்ளி வாசலுக்குக் கொண்டுபோனேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறி, என் இருக்கையில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பார்த்து இறங்கினார்கள். ஒரு பையனின் அப்பா வக்கீல், அவரும் வந்திருந்தார். அவரிடம் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அகில் அன்று முழுக்க என் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றான், பஸ்ஸை அவனே செய்த மாதிரி. அந்த நாளை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது.

அக்கா பொய் சொல்கிறவள் இல்லை. அவளுக்கு இந்த ஊரில், இந்தத் தெருவில், அந்த ஆசிரியர் அறையில் தினமும் முகம் காட்ட வேண்டியிருக்கிறது. நான் மூன்று வாரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவேன். அதனால் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருப்பதை ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதுதான் எனக்கு உறைக்கவில்லை.

3

பிறகுதான் தெரிந்தது, அக்கா பள்ளியிலும் அதே 'நமக்கு உதவுபவர்கள்' பாடம்தான் நடந்துகொண்டிருக்கிறது என்று. தபால்காரர், போலீஸ்காரர், பஸ் டிரைவர் மூவரையும் பிள்ளைகள் நேரில் பார்க்க ஒரு நாள் வெளியே கூட்டிப்போவார்கள். துணைக்குப் பெற்றோரில் ஒருவர் வர வேண்டும். மற்றப் பெற்றோருக்கெல்லாம் அலுவலகம் இருந்தது. வெட்டியாக இருந்தவன் உயர் அதிகாரியான நான் மட்டும்தான்.

கிளம்புவதற்கு முன்னால் கற்பகம் மிஸ் எனக்கு ஏற்பாடுகளை விளக்கினார். கேள்விகள் தயார். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிள்ளை, மனப்பாடம் செய்தாயிற்று. ஆங்கில வழிப் பள்ளிதான்; ஆனாலும் தபால்காரருக்கும் போலீஸ்காரருக்கும் வசதியாக இருக்கட்டும் என்று இந்த ஒரு பாடத்துக்கு மட்டும் பெரிய மனதோடு தமிழுக்கு இறங்கி வந்திருந்தார்கள். இதுவரை எனக்கு ஆச்சரியம் இல்லை. பதில்களும் தயார் என்றபோதுதான் நிமிர்ந்தேன்.

"பதிலை அவங்கதானே சொல்லணும் மிஸ்?"

"அதுதான் சார் பிரச்சினை. போன வருஷம் அவங்களையே சொல்லவிட்டோம். நீங்க என்ன கொண்டு வருவீங்கன்னு பிள்ளைங்க கேட்டா, போஸ்ட்மேன் ஏடிஎம் கார்டு, வக்கீல் நோட்டீஸ்னு சொல்லிட்டார். பிள்ளைங்களும் பரீட்சையில அதையே எழுதிடுச்சுங்க. புத்தகத்துல 'கடிதம்'னுதானே இருக்கு? மார்க் போட முடியலை. பேரன்ட்ஸ் வந்து ஒரே சண்டை."

ஆக, இந்த வருடம் பதில்களை ஒரு வாரம் முன்பே அவரவருக்கு அனுப்பிவிட்டார்கள். அது மட்டுமில்லை. புத்தகப் படத்தில் தபால்காரர் காக்கி போட்டிருக்கிறார். பஸ் டிரைவரும் காக்கி போட்டிருக்கிறார். நேரில் போனால் யார் என்ன சட்டையில் இருப்பார்களோ என்று, கோடம்பாக்கத்தில் சினிமாவுக்கு உடுப்பு வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஒரு காக்கிச் சட்டை எடுத்து வந்திருந்தார்கள். ஒரே ஒரு சட்டை. யாருக்கும் பொருந்தட்டும் என்று பெரிய அளவு. காலரில் யாரோ ஒரு நடிகரின் பவுடர் இன்னும் இருந்தது.

உலகத்தைப் பார்த்துப் புத்தகம் எழுதுவார்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். புத்தகத்துக்குத் தகுந்த மாதிரி உலகத்துக்குச் சட்டை மாட்டிவிடலாம் என்று கனடாக்காரர்களுக்கு இன்னும் தோன்றவில்லை. அங்கே வேர்க்கடலை ஒவ்வாமை உண்டா என்று கேட்டுப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதிலேயே அவர்களுக்குப் பொழுது போய்விடுகிறது.

4

தபால் நிலையம் நடந்து போகிற தூரம். வேனில் போனோம். வழியெல்லாம் மெட்ரோ வேலைக்குப் பள்ளம் தோண்டித் தகரம் அடித்திருந்ததால், நடந்தால் ஆகும் நேரத்தைவிட இரண்டு பங்கு ஆயிற்று.

தபால்காரர் கட்டம் போட்ட சட்டையில், ஹெல்மெட்டோடு, ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். பட்டினப்பாக்கத்துக்காரர். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா மிஸ், இந்தத் தபாவும் வேசமா? இப்ப யாரு மிஸ் இத்த போட்டுகினு சுத்துறாங்க?"

"ப்ளீஸ் அண்ணே. அஞ்சு நிமிஷம்."

"சட்டைய போட்டுக்கறேன். சைக்கிள் கேப்பீங்களே, அதுக்கு எங்க போறது? எங்கிட்ட ஸ்கூட்டிதான் கீது."

ஸ்கூட்டியைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார்கள். ஒரு பெண் குழந்தை முன்னால் வந்து, 'நீங்கள் எங்களுக்கு என்ன கொண்டு வருவீர்கள்?' என்று ஒப்பித்தாள். அவர் தொண்டையைச் செருமி, 'உங்கள் உறவினர்கள் எழுதும் அன்பான கடிதங்களைக் கொண்டு வருவேன்' என்றார். சொல்லிவிட்டுச் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். கூட்டம் கலையும் முன்பே மனிதர் சட்டையைக் கழற்றிக் கற்பகம் மிஸ் கையில் கொடுத்துவிட்டு ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டார். அகில் இதையெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

காவல் நிலையத்தில் வாசல் வரைதான் அனுமதி. ஒரு பெண் காவலர் வெளியே வந்து புன்னகையோடு குனிந்தார். அவ்வளவுதான், மூன்று பிள்ளைகள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். வீட்டில் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் 'சாப்பிடலைன்னா போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்' என்று ஊட்டி வளர்த்துவிட்டு, 'இவங்கதான் நம்ம நண்பர்' என்று திடீரென்று கொண்டுபோய் நிறுத்தினால் வேறென்ன நடக்கும்? 'நான் உங்களைப் பாதுகாக்கிறேன்' என்று அவர் சொன்ன பதில் அழுகையில் யாருக்கும் கேட்கவில்லை.

கடைசியாக மந்தைவெளி பஸ் நிலையம். வருவதாகச் சொல்லியிருந்த டிரைவருக்கு டியூட்டி மாறிவிட்டது. வண்டி எடுக்கிற நேரத்தில் யாரும் கேள்வி பதில் சொல்லிக்கொண்டு நிற்க முடியாது, ஓரமாக நிற்கும் வண்டிப் பக்கத்தில் வேண்டுமானால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று அங்கிருந்தவர் சொன்னார். நியாயமான பேச்சு. கற்பகம் மிஸ்ஸுக்குத்தான் முகம் வாடிவிட்டது. காக்கிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க ரெண்டு நிமிஷம் போட்டுக்கிட்டு நிக்கறீங்களா? உயரமா, கொஞ்சம் தொப்பையோட, அப்படியே டிரைவர் மாதிரியே இருக்கீங்க." சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க சார். உங்க பதவிக்கு இதைக் கேட்கவே கூடாது."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

"பிள்ளைங்களா, இவர்தான் பஸ் டிரைவர் அங்கிள்!"

"மிஸ், இது அகிலோட அப்பா!" என்றான் ஒருவன்.

"இன்னைக்கு மட்டும் டிரைவர் அங்கிள்டா."

"இன்னைக்கு மட்டும் இல்ல மிஸ்" என்றான் அகில். "எங்கப்பா டெய்லி டிரைவர்தான். நிஜமா."

கற்பகம் மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஆசிரியை ஆயிற்றே, குனிந்து அவன் தோளில் கை வைத்தார்.

"விளையாட்டுக்குக்கூடப் பொய் சொல்லக் கூடாது கண்ணா. உங்கப்பா அங்கே பெரிய மேனேஜர். உங்க அத்தையே சொல்லியிருக்காங்க."

அகில் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை பார்ப்பதற்கு எனக்குச் சட்னி எதுவும் இல்லை.

"அவன் பொய் சொல்லலை மிஸ்" என்றேன். "நான் பஸ் டிரைவர்தான்."

 கற்பகம் மிஸ் படபடவென்று கை தட்டினார்.

"சூப்பர் சார்! என்ன நேச்சுரலா சொல்றீங்க! பிள்ளைங்களா, எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் சொன்ன உண்மைக்கு இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. ஒருவரும் நம்பவில்லை என்பதுதான் சின்னக் குறை.

5

திரும்பி வரும்போது வேன் தகரத் தடுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. நான் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை. பள்ளியில் வைத்துக் குழுப் படம் எடுக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அகில் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்தச் சட்டையின் பித்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

"அப்பா, அந்தப் போஸ்ட்மேன் அங்கிள் ஆக்டிங்தானே?"

"இல்லடா. அவர் நிஜப் போஸ்ட்மேன். சட்டைதான் வாடகை."

"நீங்க?"

"நானும் நிஜ டிரைவர்தான். உனக்குத் தெரியாதா?"

பித்தானை இன்னொரு சுற்று திருகினான்.

"ஆனா மிஸ் மேனேஜர்னு சொன்னாங்க. அத்தையும் வீட்டுக்கு வர்றவங்ககிட்ட அப்படித்தான் சொல்றாங்க. நீங்க ஒண்ணுமே சொல்றதில்ல." பித்தானை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "அப்போ எட்மன்டன்ல எங்க ஸ்கூலுக்கு பஸ் கொண்டு வந்தீங்கல்ல, அதுதான் ஆக்டிங்கா?"

 பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போவதைப் பற்றி வெளிநாட்டில் நாங்கள் கூடிக் கூடிப் பேசுவோம். தமிழ் பேச மாட்டேன் என்கிறான், சோறு வேண்டாம் என்கிறான், பதினைந்து வயதானால் கதவைச் சாத்திக்கொள்வான் என்று ஆளுக்கொரு பயம். எல்லாவற்றுக்கும் அந்த ஊரைத்தான் குற்றம் சொல்வோம். என் பிள்ளை என்னை முதன்முதலாகச் சந்தேகப்பட்டது மந்தைவெளியில், ஒரு பள்ளி வேனில், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு. அதற்குக் கனடா எந்த விதத்திலும் பொறுப்பில்லை.

6

பள்ளிக்கூடத்தில் அக்காவும் கரஸ்பாண்டன்ட்டும் காத்திருந்தார்கள். அவர்தான் பள்ளியை நடத்துகிறவர்; வயதானவர், வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. என்னைப் பார்க்கும்போதெல்லாம், 'அங்கே போக்குவரத்தெல்லாம் நீங்கதான் பார்த்துக்கறீங்களாமே' என்பார்.

வாசலிலேயே காக்கிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டேன்.

"சார், போட்டோ எடுக்கணுமே!" என்று கற்பகம் மிஸ் பதறினார்.

"எடுக்கலாம் மிஸ். அதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அகில் கடைசி வரிசையில் இருந்தான்.  பனிமழையில், வழுக்கும் பாலத்தில் வண்டி ஓட்டும்போதுகூட எனக்கு இவ்வளவு பயம் வந்ததில்லை.

"இப்ப நான் நடிக்கலை" என்றேன். "நான் கனடாவுல பஸ் டிரைவர். மேனேஜர் இல்லை, ஆபீசர் இல்லை. காலையில இருட்டோட எழுந்து போய், பனியை ஒதுக்கிட்டு வண்டியை எடுக்கறேன். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடிக்கும். அகில் சொன்னது உண்மை."

யாரும் கை தட்டவில்லை. அக்கா புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையைப் பார்க்க எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள். அன்றைக்கு மனப்பாடம் செய்யாத முதல் கேள்வி அதுதான்.

"உங்க பஸ் ஹார்ன் எப்படிக் கத்தும்?"

"நாங்க ஹார்ன் அடிக்க மாட்டோம்மா. எப்பவாவது ஒரு தடவை."

"அடிக்கவே மாட்டீங்களா? அப்போ முன்னாடி போறவங்க எப்படி நகருவாங்க?"

"அவங்களே நகருவாங்க."

அவள் பக்கத்துப் பெண்ணிடம் திரும்பி, "பொய்யி" என்றாள். நான் டிரைவர் என்பதையே பாதிப் பிள்ளைகள் அத்தோடு நம்பாமல் போயிருப்பார்கள். மற்றவர்கள் விடவில்லை. பனியில் பஸ் சறுக்குமா, டிக்கெட் யார் கொடுப்பார்கள், ஒன்றுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்று சரமாரியாகக் கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் எனக்கு முன்னாலேயே அகில் எழுந்து பதில் சொன்னான்.

கரஸ்பாண்டன்ட் மெதுவாக அக்கா பக்கம் திரும்பினார். அக்கா அதற்குள் சமாளித்துக்கொண்டாள். இருபது வருடம் ஆசிரியை.

"அது வந்து சார், அங்கெல்லாம் எவ்வளவு பெரிய அதிகாரியா இருந்தாலும் அப்பப்போ வண்டியை ஓட்டிப் பார்க்கணும்னு ரூலாம். அப்பதானே கீழ வேலை பார்க்கறவங்க கஷ்டம் தெரியும்? இவனுக்குத் தன்னைப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கவே வராது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதாம்மா ஃபாரின். நம்ம ஊர்ல ஒரு அதிகாரி ஸ்டீயரிங்கைத் தொடுவானா?" என்று எழுந்து வந்து என் கையைப் பிடித்து வெகு நேரம் குலுக்கினார். மேனேஜர் பதவியிலிருந்து அன்றைக்கு நான் இன்னும் ஒரு படி மேலே போனேன். மறுத்துப் பேச வாயைத் திறந்தேன். அகில் எங்கே என்று தேடினேன்.

அவன் இதையெல்லாம் கேட்கவில்லை. மேஜைகளுக்கு நடுவே பஸ் ஓட்டிக்கொண்டிருந்தான். இரண்டு கைகளையும் அகல விரித்து, இல்லாத பெரிய ஸ்டீயரிங்கை நிதானமாகத் திருப்பி, மூலையில் வண்டியை வளைத்தான். பின்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எதிரே அதே மாதிரி இன்னொரு பஸ், வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு பாய்ந்து வந்தது. இவன் ஹார்ன் அடிக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, இடது கையை மட்டும் லேசாகத் தூக்கி எதிர் பஸ்ஸுக்குக் காட்டிவிட்டுப் போனான். எட்மன்டனில் எதிரே வரும் வண்டிக்காரருக்கு நாங்கள் அப்படித்தான் கை காட்டுவோம். நான் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

எனக்குக் கண் நிறைந்து வழிந்துவிட்டது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கரஸ்பாண்டன்ட் என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் அக்கா. "ஃபாரின்ல இருந்து வந்தவன்ல, நம்ம ஊர் தூசி அவனுக்கு ஒத்துக்கறதில்ல."